கிரகித்தல் பயிற்சி: நஞ்சுள்ள பறவை



கிரகித்தல் வினாவுக்கு விடை பந்தியிலேயே உள்ளது. நாம் முன்னரே எண்ணியிருப்பதை விடையாக எழுதினால் புள்ளி கிடைக்காது. கீழுள்ள பந்தியை இரு தடவை வாசியுங்கள். முதற்தடவை பொருளை விளங்கிக்கொள்ளுங்கள். இரண்டாந்தடவை வினைச்சொற்களைக் கவனியுங்கள்.

பந்தி

நியூகினித் தீவின் காடுகளில் கருந்தலைப் பிற்றோகுயி என்னும் பறவை வாழ்கின்றது. 1989 இல் அங்கு ஆய்வு செய்த ஜக் டம்பாக்கர் என்னும் அமெரிக்க மாணவர், வேறொரு பறவைக்காக விரித்த வலையில் இது சிக்கியபோது விடுவிக்க முயன்றார். அது அவர் கையைக் கீறியது. காயத்தை வாயில் வைத்ததும் உதடும் நாவும் எரிந்து மரத்துப்போயின. இப்பறவையின் தோலிலும் இறகிலும் பற்றக்கோதொட்சின் என்னும் நஞ்சு உண்டென 1992 இல் அவரும் சக ஆய்வாளரும் வெளியிட்டனர். இந்நஞ்சு கொலம்பியாவின் சில தவளைகளில் முன்னரே அறியப்பட்டிருந்தது. நரம்புக் கலங்களிலும் தசைக் கலங்களிலும் சோடியம் அயன்கள் செல்லும் வாயில்களை இது மூடவிடாது. அதனால் தசைகள் செயலிழக்கும், இதயமும் நின்றுவிடலாம்.

இந்நஞ்சு எங்கிருந்து வந்தது? ஒரே இனப் பறவைகளிலும் இடத்துக்கு இடம் நஞ்சின் அளவு வேறுபட்டது. கூண்டிற் பிறந்து வளர்ந்த தவளைகளில் நஞ்சு காணப்படவில்லை. எனவே உணவின் மீது ஐயம் எழுந்தது. 2004 இல் கொரெசைன் என்னும் சிறு வண்டுகளில் இதே நஞ்சு மிகுதியாகக் கண்டறியப்பட்டது. பிற்றோகுயியின் இரைப்பையிலும் இவ்வண்டுகள் இருந்தன. ஹெரோவானா கிராமத்தவர் இவ்வண்டை 'நனிசனி' என்பர். உதட்டிலும் முகத்திலும் உண்டாகும் மரத்துப்போகும் உணர்வையே அப்பெயர் குறிக்கின்றது.

பறவைக்கு ஏன் தீங்கில்லை? நஞ்சை உறிஞ்சிப் பிடிக்கும் புரதம் அதனைக் காக்கலாம் என 2021 இல் ஓர் ஆய்வு கூறியது. நஞ்சுப் பறவைகளின் சோடியம் வாயில்களிலேயே மாற்றம் உண்டு என 2023 இல் மற்றோர் ஆய்வு கூறியது.

வினாக்கள்

1. நஞ்சு பறவையின் எப்பகுதிகளிற் காணப்பட்டது?
2. நஞ்சு உணவின் மூலம் வருகின்றது என்பதற்கு மூன்று சான்றுகள் தருக.
3. 'பிற்றோகுயி நஞ்சைச் சுரக்கின்றது.' இக்கூற்றுப் பற்றி உமது கருத்து யாது?

விடைக் குறிப்பு

1. தோல், இறகு.
2. இடத்துக்கிடம் அளவு வேறுபடல்; கூண்டில் வளர்ந்த தவளைகளில் நஞ்சின்மை; இரைப்பையில் இருந்த வண்டினத்தில் அதே நஞ்சு. இரண்டாவது சான்று தவளைக்குரியது. அதைப் பறவைக்குரியதாக எழுதாதீர்கள்.
3. பந்தி இக்கூற்றை ஆதரிக்கவில்லை. சுரத்தல் என்பது உடல் தானே உண்டாக்குதல். பந்தி கூறுவது உணவிற் பெற்றுச் சேர்த்துவைத்தலையே.

கவனிக்க: மூன்றாம் வினாவில் பலர் மறுபுறம் சறுக்குவதுண்டு. 'வண்டிலிருந்தே வந்தது என நிரூபிக்கப்பட்டது' என எழுதிவிடுவர். பந்தியில் உள்ளவை சான்றுகள் மாத்திரமே. 'வண்டிலிருந்து பெறுவதாகக் கருதலாம்' என்று எழுதுங்கள். சான்று எவ்வளவோ அவ்வளவே சொல்லுங்கள். பரீட்சைக்குப் பின்னரும் இப்பழக்கம் உங்களுக்கு உதவும்.