சக மாணவர் உரையும் ஒரு பாடம்

கேள்வி: வகுப்பில் சக மாணவர்கள் ஆற்றும் உரைகளைக் கேட்பதால் ஒருவருக்கு மேடைப்பேச்சுத் திறன் வளருமா?

பதில்: வளரும், ஆனால் கேட்பவர் உரையின் பொருளோடு அது சொல்லப்படும் முறையையும் கவனித்தாக வேண்டும். பிறர் செய்வதைக் கண்டு கற்பதை உளவியலார் அவதானிப்புவழிக் கற்றல் என்பர். அதனை விரிவாக ஆராய்ந்த ஆல்பர்ட் பண்டூரா, 1977இல் வெளிவந்த தம் நூலில், கவனித்தல், நினைவில் இருத்துதல், செய்துபார்த்தல், ஊக்கம் பெறுதல் என்னும் நான்கும் கூடினால்தான் அக்கற்றல் நிறைவுறும் என்று விளக்கினார்.

தொடக்கநிலை மாணவருக்குத் தேர்ந்த பேச்சாளரைக் காட்டிலும் தடுமாறும் வகுப்புத் தோழரே பயனுள்ள முன்மாதிரியாகக்கூடும். ஏனெனில் தேர்ந்தவரின் உரையில் உழைப்பின் தடம் மறைந்துவிடுகிறது, தோழரின் உரையிலோ, மறந்த செய்தியை அவர் எவ்வாறு மீட்டார், திரையிலுள்ளதை அப்படியே வாசிக்கத் தொடங்கியதும் கேட்போரின் கவனம் எவ்வாறு கலைந்தது, ஓர் எடுத்துக்காட்டு வந்ததும் எவ்வாறு திரும்பியது என்பவை வெளிப்படையாகத் தெரிகின்றன. தம்மையொத்த ஒருவர் அச்சத்துடன் தொடங்கி நிலைபெறுவதைக் காணும்போது, தம்மாலும் இயலும் என்னும் எண்ணம், அதாவது பண்டூரா தன்திறன் நம்பிக்கை எனக் குறித்தது, வலுப்பெறுகிறது. திருக்குறளில் அவையறிதலும் அவையஞ்சாமையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக அமைந்திருப்பது இங்கு எண்ணத்தக்கது. அவையை அறிய அவையினருள் ஒருவராய் அமர்வதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

எனினும் செய்துபார்த்தலைத் தவிர்ப்பவருக்கு இவை எதுவும் பயன்படா. ஒவ்வோர் உரையிலிருந்தும் ஒரு கூறை மட்டும், தொடக்க வாக்கியத்தையோ இடைநிறுத்தத்தையோ, குறித்துக்கொண்டு, அதனைத் தம் அடுத்த உரையில் தம் இயல்புக்கேற்பக் கையாள்வது தகும். பிறர் குறைகளைத் திரட்டுவதற்காகவே கேட்பவர் எதனையும் கற்பதில்லை.