மூச்சைக் கவனித்தால் போதுமா?

நம்பிக்கை: மூச்சைக் கவனிக்கும் மைண்ட்புல்னஸ் விகாரைச் சமாச்சாரம். எங்கட பிள்ளையளுக்கு எதுக்கு?

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில்தான் இருக்கின்றன. ஆனாலும் விகாரை என்றதும் நம் சனம் முகம் சுளிப்பதற்குக் காரணங்கள் உண்டு. குறை சொல்ல மாட்டேன். இந்தப் பயிற்சியின் வேர் பௌத்தத் தியானத்தில் இருப்பதும் உண்மை. ஆனால் 1979 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜோன் கபட்-சின் இதை ஒரு பயிற்சித் திட்டமாக வகுத்தது தீராத நோவோடு வந்த நோயாளிகளுக்காக. அதில் பிரித் ஓதலும் இல்லை, பூசையும் இல்லை. நம்மூரிலேயே, யாழ் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரில் உலைந்தவர்களுக்கு அவரவர் சமயத்தில் பழகிய சொல்லையே உருப்போடச் சொல்லிக்கொடுத்தார். சைவருக்கு அது ஓம். ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கப் பிள்ளையும் செபமாலையைக் கீழே வைக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: மனதில் ஒரு நினைப்பும் வரக்கூடாது.

வரும். வந்ததைக் கண்டுகொண்டு மறுபடி மூச்சுக்குத் திரும்புவதுதான் பயிற்சியே. குறிகட்டுவானில் போட்டுக்குக் காத்துநிற்கும்போதும் செய்யலாம். கண்ணை மூடினால் பழைய பயங்கரம் முன்னே வருகிறவர்கள் மூடவே வேண்டாம். பாதம் தரையில் படுவதைக் கவனித்தால் போதும்.

நம்பிக்கை: ஒழுங்காகச் செய்தால் டொக்டர் தேவையில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2018 இல் வெளியானது. பரீட்சைக் காலத்தில் மன உளைச்சல் எல்லை மீறியவர்கள், பயிற்சி பெறாதவர்களில் 57 வீதம், பெற்றவர்களில் 37 வீதம். நல்ல பலன்தான். ஆனால் எனக்கு அந்த 37தான் கண்ணில் நிற்கிறது. கடல் கொந்தளித்து போட் ஓடாவிட்டால் நெடுந்தீவுப் பிள்ளைக்கு வீடு இல்லை. கம்பஸ் இருக்கிற திருநெல்வேலியில் அறை வாடகைக்கு மகாபொல உதவித்தொகை காணாது. அவனிடம் "மூச்சைக் கவனி தம்பி" என்று சொல்லிவிட்டுக் கம்பஸ் கைகழுவ முடியுமா?

நித்திரையும் சாப்பாடும் கிழமைக்கணக்கில் குழம்பினால் யாழ் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குப் போகலாம். "விசர் எண்டு பேர் வந்திடும்" என்று தாய் தகப்பன் தடுப்பதால்தான் பலர் பிந்திப் போகிறார்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் கிழமைக்கணக்குப் பார்க்கவே கூடாது: தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு நடுச்சாமத்திலும் எடுக்கலாம்.