தட்டின் மையம் எங்கே?

கேள்வி: வட்டமான மரத்தட்டின் நடுவில் துளை போட வேண்டும். காம்பஸ் இல்லாமல் மையத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். தட்டைவிடப் பெரிய செவ்வகத் தாள், ஸ்கேல், பென்சில் போதும். தாளின் ஒரு மூலை தட்டின் விளிம்பைத் தொடும்படி வையுங்கள். மூலையிலிருந்து கிளம்பும் இரு ஓரங்களும் விளிம்பை வேறு இரு இடங்களில் வெட்டும். அவற்றை இணைத்தால் அதுதான் விட்டம். தாளைத் திருப்பி வைத்து இன்னொரு விட்டம் வரையுங்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே மையம்.

காரணம், அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம்; இதன் மறுதலையும் உண்மை. விட்டத்தின் மீது நிற்கும் முக்கோணத்தின் உச்சியை மையத்தோடு இணைத்துப் பாருங்கள். ஆரங்கள் சமம் என்பதால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். ஒன்றின் சமகோணங்கள் அ, அ. மற்றதில் ஆ, ஆ. பெரிய முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 2அ + 2ஆ = 180 டிகிரி. ஆகவே உச்சிக்கோணம் அ + ஆ = 90 டிகிரி. யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' மூன்றாம் பாகத்தில் 31ஆவது தேற்றம் இது.

துளை போடுமுன் மூன்றாவது விட்டமும் வரைந்து சரிபாருங்கள். அது அதே புள்ளி வழியாகப் போகாவிட்டால் தாளின் மூலை சரியில்லை, அல்லது தட்டு வட்டமில்லை.