கேப் டவுன் நகரின் இரண்டாம் புத்தாண்டு

நம் நாட்டிற் கிறிஸ்து பிறப்புத் திருநாள் மார்கழிப் பனியில் வரும். பூமியின் தென்பாதியிலுள்ள கேப் டவுன் நகரிலோ அது கோடையில் வருகின்றது. அக்காலத்து ஆங்குச் செல்வோர், 3,500 அடி உயர்ந்த மேசை மலையையும், தென்கிழக்குக் காற்றினால் அதன்மேல் விரிப்பெனப் படரும் வெண்முகிலையும் கண்டு களிப்பர். ஆயினும், ஜனவரி 2-ஆம் நாள் வரை தங்காது மீள்வோர் அந்நகரின் உள்ளத்தைக் கண்டவராகார் என்போம்.

அந்நாளை அந்நகரத்தார் 'இரண்டாம் புத்தாண்டு' என வழங்குவர். பளபளக்கும் பல வண்ண ஆடை புனைந்து, குடை பிடித்து, கூட்டங் கூட்டமாய் ஆடிப் பாடி வீதிகளிற் செல்வர். இதன் தோற்றம் யாது? முற்காலத்துப் புத்தாண்டு நாளில் அடிமைகள் எசமானர் விருந்துக்கு உழைத்தனர். மறுநாளே அவர்க்கு ஓய்வு என்பர். டச்சுக்காரர் ஆட்சியில் ஆங்குக் கொண்டுபோகப்பட்ட அவ்வடிமைகளுள் நம் சோழமண்டலக் கரையினரும் இருந்தனர். 1834-இற் சட்டம் அடிமைத்தனத்தை ஒழித்தும், மெய்யான விடுதலை 1838-இலேயே வாய்த்தது.

பின்னர், 1966-இல், இவ்விழாவின் தாயகமாகிய ஆறாம் வட்டாரம் வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்டது; 60,000-க்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். வீடு போயினும் விழாவை அவர் விட்டாரல்லர்.

மாணவர்காள்! பிறர் திருநாளைக் காணுங்கால் அதன் ஆரவாரத்தோடு அதன் வரலாற்றையுங் கேட்டறிவோமாக.