பிள்ளைக்கு முடி கொட்டினால் எந்த வாசலுக்குப் போவது?

திருவண்ணாமலையில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தலையில் காசு அளவுக்கு வெறுமையாகிப் போன இடத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒருத்தி கைப்பேசியில் பார்த்த எண்ணெயை வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடம்பிடிக்கிறாள். இன்னொரு பையனுக்குப் பாட்டி சொன்னாள் என்று மொட்டை அடித்து அனுப்புகிறார்கள். மூன்றாவது பிள்ளை பக்கத்து வீட்டில் மீந்த டியூப்பைத் தடவிக்கொண்டு வருகிறது. பெற்றோர் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "என்ன போடலாம், மிஸ்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "இது என்ன?" என்பது.

வழவழப்பாக, செதில் இல்லாமல், வட்டமாக முடி போயிருந்தால் பெரும்பாலும் புழுவெட்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேரையே தாக்குவதால் வருவது. யாருக்கும் ஒட்டாது. செதிலும் அரிப்புமாக, முடி தோல் மட்டத்தில் ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரிந்தால், கழுத்துக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தால், தலைப்படையாக இருக்கலாம். அது பூஞ்சை, சீப்பு, தொப்பி, தலையணை வழியாக ஒட்டும். டைபாய்டோ டெங்குவோ வந்து போன இரண்டு மூன்று மாதத்தில் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், அது காய்ச்சலின் பின்விளைவு. ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். இரும்புச்சத்துக் குறைவிலும் முடி கொட்டும். நெற்றியோரமும் காதோரமும் மட்டும் ஏறிக்கொண்டே போனால் இறுக்கிப் பின்னும் ரெட்டைச் சடையைத் தளர்த்துங்கள். ஒரே இடத்தில் நீளமும் குட்டையுமாக முடி நின்றால் பிள்ளை தன்னையறியாமல் பிய்த்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். பரீட்சை நெருங்கும்போது இதை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். திட்டினால் இன்னும் அதிகமாகும்.

முதல் வாசல் தோல் மருத்துவர். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. தனியார் மருத்துவரிடம் போக வசதி இருப்பவர்கள் போகலாம். ஆனால் 2013 முதல் இந்த ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நிற்பதையே நான் சொல்வேன். செதிலைச் சுரண்டி எடுத்துக் கரைசலில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். படை என்றால் மேல்பூச்சு மட்டும் போதாது, அது முடிக்குள் இருக்கும் பூஞ்சையை எட்டாது. க்ரிசியோஃபல்வின் போன்ற மாத்திரையை ஆறு முதல் எட்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், பாலோடு அல்லது நெய் சேர்ந்த சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் திரும்ப வருகிறார்கள். கூடப் படுக்கும் தம்பி தங்கையின் தலையையும் காட்டுங்கள். சிகிச்சை தொடங்கிவிட்டால் பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் இங்குள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு போக வேண்டிய இடங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் கலப்பு டியூப்பில் ஸ்டீராய்டு இருக்கும். அது அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர விடும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு.

சித்தாவில் நம்பிக்கை இருந்தால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். படை இல்லை என்று உறுதி செய்துகொண்டு போங்கள். சின்ன வெங்காயம் தேய்ப்பதையும் நான் கேலி செய்யமாட்டேன். 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் புழுவெட்டு வந்த 38 பேரை வைத்து வெங்காயச் சாற்றைச் சோதித்து நல்ல பலனைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது சின்னச் சோதனை, அதுவும் புழுவெட்டுக்கு மட்டும். பிள்ளைக்கு எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மொட்டை வேண்டுதல் என்றால் அது சாமிக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. அடர்த்தியாக வளரும் என்பதற்காக மட்டும் அடிக்காதீர்கள். கத்தி வேரைத் தொடுவதில்லை; மழித்த நுனி மழுங்கலாக இருப்பதால் தடித்ததுபோல் தெரிகிறது. படை இருக்கும் தலையைச் சிரைத்தால் கத்தி வழியாக அடுத்த தலைக்கும் போகும். குணமான பிறகு புது பிளேடு போடச் சொல்லி அடியுங்கள். படவேட்டு ரேணுகாம்பாள் அம்மன் சில மாதம் காத்திருப்பாள்.

இனி, நான் மன்றாடிச் சொல்ல வேண்டியது விளம்பர எண்ணெயைப் பற்றி. இடுப்புக்குக் கீழே முடி தொங்கும் பெண்ணைக் காட்டி, நூறு மூலிகை என்று சொல்லி, வீட்டு வாசலுக்கே அனுப்பும் எண்ணெய். கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு வாரச் சம்பளத்தை அதில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஏன் இவ்வளவு பேர் சாட்சி சொல்கிறார்கள்? புழுவெட்டில் சின்னத் திட்டுகள் பலருக்கு ஓராண்டுக்குள் தாமாகவே மூடிக்கொள்ளும். காய்ச்சலுக்குப் பின் கொட்டிய முடி எதுவுமே தடவாவிட்டாலும் வரும். அந்த நேரத்தில் கையில் எந்தப் புட்டி இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. மூடாமல் போனவர்கள் காணொளி போடுவதில்லை.

வழுக்கையைக் குணமாக்கும், புது முடி வளர்க்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் அட்டவணை ஜே சொல்கிறது. பல எண்ணெய்கள் அழகுப்பொருளாக விற்கப்படுகின்றன. அழகுப்பொருள் நோயைக் குணமாக்கியதாக யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. வாங்குகிற நாம்தான் அதை மருந்தாக எண்ணிக்கொள்கிறோம்.

பணம் போனால் போகட்டும் என்று விடலாம், நாள் போவதுதான் ஆபத்து. என் அண்ணன் மகனுக்குப் படை வந்தபோது வீட்டில் இரண்டு மாதம் எண்ணெய் தேய்த்தார்கள். செதில் எண்ணெயில் ஊறி மறைந்தது. குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். பிறகு அந்த இடம் சீழ் கோத்து மெத்தென்று வீங்கியது. கட்டி என்று கீறிவிடச் சொன்னவர்களும் உண்டு. அதுவும் பூஞ்சைதான், கீறக் கூடாது, மாத்திரைதான் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் கொடுத்தார்கள், குணமானது. ஆனால் நடுவில் சிறு வடு நின்றுவிட்டது. வேர் அழிந்த இடத்தில் முடி முளைக்காது. அதனால்தான் எண்ணெய்ப் புட்டியைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

அடுத்தவர் சொன்னதைக் கேட்டு அவசரப்படும் இதே தவறு பத்தாம் வகுப்பு முடிந்ததும் இதே ஊரில் நடக்கிறது. எதிர்வீட்டுப் பையன் எடுத்த குரூப்பை நம் பிள்ளைக்கும் எடுக்கிறோம். மாமா சொன்ன கோச்சிங்கில் சேர்க்கிறோம். பிள்ளைக்கு எது வரும், எதில் அதன் மனம் நிற்கும் என்று பார்க்க ஒரு மாதம் பொறுப்பதில்லை. உடம்பும் அப்படித்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் இயல்பு உண்டு, அதற்கென்று வேகமும் உண்டு. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நம் அவசரத்துக்காக இரண்டாக வளராது.

ஆகவே பெற்றோரே, தினமும் தலையைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். பிள்ளை அதைத்தான் முதலில் கற்றுக்கொள்ளும். மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் போட்டோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வகுப்பில் யாராவது கேலி செய்தால் ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள், அதை நிறுத்துவது எங்கள் வேலை. முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை படிக்கும், பாடும், கபடி ஆடும். எதில் கெட்டியோ அதில் முன்னே தள்ளுங்கள். சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். பொறுமையாக இருந்த வீட்டுப் பிள்ளைகள் தேறி வருவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.