ரஜுலா கப்பல்: ஒரு பாடம், மூன்று செயல்பாடுகள்

'தமிழர்கள் மலாயாவுக்குக் குடிபெயர்ந்தனர்' என்ற வரியை வகுப்பில் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். 'எப்படிப் போனார்கள்?' என்று மாணவர் கேட்டால், எஸ்.எஸ். ரஜுலாவிலிருந்து தொடங்கலாம்.

1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இக்கப்பல், பயணிகளையும் சரக்கையும் சேர்த்தே ஏற்றியது. போர்க்காலம் நீங்கலாக, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்ற தடத்தில் ஓடியது. வசதியுள்ள சிலருக்கு அறைகள். பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்த தளப் பயணிகள்.

செயல்பாடு 1: கணக்கு
நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு ஏறத்தாழ 1,260 கடல் மைல். மணிக்கு 12 கடல் மைல் வேகம் எனக் கொண்டால் 105 மணி நேரம், அதாவது 4 நாள் 9 மணி. அத்தனை நாளுக்கும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு குடிநீர் வேண்டும் என மாணவர்கள் கணக்கிடட்டும்.

செயல்பாடு 2: சரக்கு அடுக்குதல்
ஓர் அட்டைப்பெட்டியைக் கப்பலின் சரக்கறையாகவும் தீப்பெட்டிகளைச் சரக்காகவும் கொள்க. சிங்கப்பூரில் இறங்குவது அடியில், பினாங்கில் இறங்குவது மேலே இருக்க வேண்டும். ஆனால் கனமானவை அடியில் இருந்தால்தான் கப்பல் சாயாது. வெங்காயத்துக்குக் காற்றும் வேண்டும். மூன்று விதிகளும் மோதும்போது குழுவினர் எதை விட்டுக்கொடுக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

செயல்பாடு 3: வரைபடம்
நாகையில் கரையோரக் கடல் ஆழமில்லாதது. பெரிய கப்பல் தொலைவில் நங்கூரமிடும்; ஆட்களும் மூட்டைகளும் படகில் சென்று ஏற வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது, நவம்பரில் ஏறுபவரின் நிலை என்ன? பருவக்காற்றுப் பாடம் இங்கே ஒரு மனிதரின் கதையாகும்.

1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்ததையும் சொல்லுங்கள். அதன்பின் கப்பல் ஓடியது. ஆனால் பயணிகள் மாறினர். வணிகர்கள், அங்கேயே வேரூன்றியோர், உறவினரைக் காண வந்து திரும்பியோர் எனப் பலர் பயணித்தனர்.

மதிப்பீடு
துறைமுகங்களின் பெயர்களை ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். 'நாகையில் படகேறிய நாளில்' என்று ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். கப்பலேறிய தாத்தா பாட்டி உள்ள வீடுகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் மாணவர்கள் கேட்டு வரட்டும். காலம் தாழ்த்தினால் கேட்க ஆளிருக்காது.