எய்ட்ஸ் கிருமி மருந்தைச் சுமக்குமா?

"ஏன் சார், வேலூர்ல எய்ட்ஸ் கிருமியை ஏத்தி ரத்தம் உறையாத வியாதியைக் குணப்படுத்துறாங்களாமே, நெசமா?" என்று அடுகோடியில் எங்கள் தெருவில் ஒரு தாயார் கேட்டார். அவர் மகனுக்கு ஹீமோஃபீலியா. பாதி நிஜம் என்றேன். மீதியை நடுத்தெருவில் நின்று சொல்ல முடியாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஹீமோஃபீலியா 'ஏ' உள்ளவர்களுக்கு இரத்தத்தை உறைய வைக்கும் எட்டாம் காரணி என்ற புரதம் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். மூட்டுகளுக்குள் தானாகவே இரத்தம் கசியும். காரணியை ஊசியில் போட்டால் நிற்கும். ஆனால் மறுபடி மறுபடி போட வேண்டும். 1980களில், பலருடைய இரத்தத்தைச் சேர்த்துத் தயாரித்த காரணி மருந்தின் வழியே உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அந்தத் தாயாரின் அச்சம் வீண் அச்சமல்ல.

எச்.ஐ.வி. ரெட்ரோவைரஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது. இந்த இனம் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். குடியிருக்க வந்தவர் வீட்டுப் பத்திரத்தில் தன் பெயரையும் எழுதிக்கொள்வது போல! இந்த வித்தையை மட்டும் வைத்துக்கொண்டு, வைரஸ் பெருகுவதற்கான மரபணுக்களை விஞ்ஞானிகள் நீக்கிவிடுகிறார்கள். காலியான இடத்தில் நோயாளிக்குத் தேவையான மரபணு ஏறுகிறது. எச்.ஐ.வி.யின் சொந்த மேலுறை சில வகைச் செல்களில்தான் நுழையும். எனவே கால்நடைகளுக்கு வாய்க்கொப்புளம் உண்டாக்கும் வேறொரு வைரஸின் உறையைப் பொதுவாக மாட்டுகிறார்கள். இந்தக் கலப்பு வைரஸ் ஒருமுறை நுழையும். பெருகாது, எய்ட்ஸும் வராது.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. பத்திரத்தில் எந்த வரியில் எழுதும் என்பது நம் கையில் இல்லை. பாரிஸில் 1999-இல் தொடங்கிய ஒரு சோதனையில், நோயெதிர்ப்புச் சக்தியின்றிப் பிறந்த குழந்தைகளுக்கு எலி ரெட்ரோவைரஸைப் பயன்படுத்தினார்கள். சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அதன் பிறகே வடிவமைப்பு பெரிதும் மாறியது.

இனி வேலூருக்கு வருவோம். சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து செய்த சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. நோயாளிகள் ஐவர், வயது 22 முதல் 41 வரை. அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, உடலுக்கு வெளியே வைத்துக் கலப்பு வைரஸால் மரபணுவை ஏற்றி, திரும்பச் செலுத்தினார்கள். அந்த மரபணுவும் ஒரு கலப்புதான்: மனிதக் காரணியில் பன்றிக் காரணியின் சில பகுதிகள். பன்றியினுடையது அதிகமாகச் சுரக்கும் என்பதே காரணம். ஐவரையும் சேர்த்து 81 மாதங்கள் கவனித்ததில் ஒருவருக்கும் இரத்தக் கசிவு ஏற்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளில், இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இதே சி.எம்.சி.யின் ஆய்வுக்கூடத்தில்தான்!

அந்தத் தாயாரிடம் மறுநாள் இவ்வளவையும் சொன்னேன். செல்களைத் திரும்பச் செலுத்தும் முன் கடுமையான கீமோதெரபி கொடுக்க வேண்டும், இரத்த வெள்ளணுக்கள் சில நாட்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும் என்பதையும் மறைக்கவில்லை. சோதனைக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் பெரியவர்கள். அவர் மகனுக்கு வயது ஒன்பது. "அப்ப இப்போதைக்கு ஊசிதான்" என்றார். ஆமாம் என்றேன்.